மீன் மாமாவும் ஐந்தடித் தொட்டியும்

என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, தனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். அவள் தன் தாய்மாமனைப் பற்றி எழுதினாள். "என் மாமாவுக்கு மீன்களைப் பற்றி எல்லாமே தெரியும். அதனால் அவரை மீன் மாமா என்று கூப்பிடுவேன்" என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் டீச்சர் சிவப்பு மையில் நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று சொல்கிறேன். நான் பிறந்தது திருவொற்றியூர்க் கடலோரத்துக் குப்பம். என் அப்பா கடலுக்குப் போனவர், அவருடைய அப்பாவும் போனவர். நான் போகவில்லை என்றாலும், காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் இருபது வருடமாக சூப்பர்வைசர். படகுகளுக்கு ஐஸ் ஏற்றி அனுப்புவதும், அவை கொண்டுவரும் மீனுக்கு ஐஸ் போட்டு வைப்பதும்தான் என் பிழைப்பு. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது பிடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். பெரிய பெரிய வியாபாரிகளே என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். இந்த மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், எங்கள் ஆள்தான் என்றாலும் ரயில்வேக்காரர். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவர் இல்லை. ஒருமுறை ஃபைபர் போட்டில் ஏற்றிக் கூட்டிப்போனோம். கரை கண்ணுக்குத் தெரியும்போதே வாந்தி எடுத்தார். நெத்திலிக்குத் தலை கிள்ளச் சொன்னால் அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இவர் மீன் மாமா என்றால் நான் யார், கருவாட்டு அப்பாவா?

அவர் வீட்டில் ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் ஒரே ஒரு பெரிய மீன். ஆஸ்கர் என்பார்கள், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், முகத்தில் எப்போதும் யாரையோ முறைக்கிற பார்வை. என் மகள் கண்ணாடியில் விரலை வைத்து நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். அவள் கையால் போட்டால்தான் அது வயிறாரத் தின்னும் என்று மச்சான் சொல்லிவைத்திருந்தார். அவளும் நம்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பைக்கில் வந்து அவளைக் கூட்டிப்போவார், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடுவார். அவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. அதனால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஞாயிறுதான் காசிமேட்டில் பெரிய வியாபாரம். ஊரெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் நாளில் நான் ஐஸ் கட்டிகளோடு இருப்பேன். வேலை முடிந்து நான் வீடு வந்து சேரும்போது அவள் போயிருப்பாள். திரும்பி வந்ததும் ஆஸ்கர் அதைச் செய்தது, இதைச் செய்தது என்று ஒரே பேச்சு. கேட்டுக்கொண்டே இருப்பேன். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும், என் கையில் மீன் வாடை போகாது. மடியில் வந்து உட்காருபவள் கொஞ்ச நேரத்தில் நைசாக நகர்ந்துவிடுவாள். மச்சானும்தான் நாள் முழுக்க மீன் தண்ணீரில் கையை விடுகிறார். அந்தக் கையை அவள் ஒரு நாளும் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்ததில்லை.

இது இன்று நேற்று வந்த வயிற்றெரிச்சலும் இல்லை. அவளுக்கு ஒரு வயதில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அது முறை. அவள் வீறிட்டு அழுது அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெற்றவன் நான் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குப் பிடித்த சட்டையை அவள் விடவே இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மழுப்ப விரும்பவில்லை.

அந்த வருடம் ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுகள் எல்லாம் இரண்டு மாதம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஃபேக்டரியில், தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டுகளுக்காக ஒரே ஒரு மெஷின் ஓடும். எனக்கு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பதே அந்த இரண்டு மாதம்தான். இந்தத் தடவை அதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவரிடம் மூன்றடி என்றால் என்னிடம் ஐந்தடி.

மனைவியிடம் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குய்யா இப்போ? வூட்ல மனுசாளுக்கே தண்ணி இல்ல. மீனுக்கு நீச்சல் குளம் கட்றியா?"

"கொயந்தைக்கு ஆசை கீது."

"கொயந்தைக்கா, உனுக்கா?"

அவளுக்கு எல்லாம் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு கொளத்தூருக்குக் கிளம்பினேன். வண்ண மீன் வளர்க்கிற சென்னைக்காரர்கள் எல்லோரும் போகும் இடம் அது. கடையில் இருந்த பையன், வயது இருபத்தைந்து இருக்கும், ஐந்தடிக்கு இரண்டடிக்கு இரண்டடி என்று ஒரு தொட்டியைக் காட்டினான். தரையில் நின்றபோதே கப்பல் மாதிரி இருந்தது. உடனே பிடித்துவிட்டது. கூடவே மீனையும் பொறுக்க ஆரம்பித்தேன். அவன் தடுத்தான்.

"அண்ணே, மீன இப்பவே எடுக்காதீங்க. தண்ணிய ஊத்தி, மோட்டார் போட்டு, ஒரு மாசம் ஓட விடுங்க. தொட்டி பழகணும். அப்புறமா அஞ்சாறு மீனா விடுங்க."

"ஒரு மாசமா? தண்ணிக்கு இன்னா நிச்சயதார்த்தமா நடக்குது? தம்பி, நான் காசிமேடு. மீனப் பத்தி எனக்கேவா?"

அவன் சிரித்தான். "அண்ணே, உங்காண்ட வர்றது செத்த மீனு. எங்காண்ட போறது உசுரு இருக்கிற மீனு. வேற வேற வியாபாரம்ணே."

பொடிப்பயல் என்று நினைத்துக்கொண்டேன்.

டோல்கேட் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு அடிக்கச் சொன்னேன். ஸ்டாண்டும் தொட்டியும் ஒரு குட்டி யானை வண்டியில் வந்து எங்கள் தெருவில் இறங்கியபோது அக்கம்பக்கம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நான்கு பேர் தூக்கினோம். வாசல் நிலைக்குள் நுழையவில்லை, கதவைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய்த்து உள்ளே கொண்டுபோனோம். ஸ்டாண்டின் மேல் தெர்மாகோல் விரித்து அதன்மேல் தொட்டியை உட்கார வைத்தோம். கூடத்தில் பாதி அதற்கே போயிற்று. டிவி படுக்கையறைக்குப் போனது. என் மகள் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கையை வைத்துக்கொண்டே நடந்தாள்.

"மாமா தொட்டிய விட எவ்ளோ பெருசுப்பா!"

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் இரண்டு தொட்டியைத் தூக்கி வந்திருப்பேன்.

தண்ணீர்தான் பேஜாராகப் போயிற்று. எங்கள் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, துணியெல்லாம் மஞ்சளாகும். தெருமுனையில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்கில் லாரி வந்து ஊற்றும் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அன்றைக்கு வரிசையில் நின்று குடம் குடமாகத் தூக்கினேன். பத்தாவது குடத்தில் எதிர்வீட்டு அம்மா குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். "மீனு குளிக்க எங்க தண்ணியா? நாங்க இன்னாத்த துன்றது, மண்ணையா?" என்று கேட்டாள். நியாயம்தான். மறுநாள், அதற்கு மறுநாள் என்று மூன்று நாளில் நிரப்பினேன். தோள்பட்டை கழன்று போயிற்று. ஆனால் விளக்கைப் போட்டதும், அந்தக் கூடத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

நான்காம் நாள் கொளத்தூருக்கே போய் நாற்பது மீன் வாங்கி வந்தேன். ஏஞ்சல், மோலி, கோல்ட் ஃபிஷ், பெயர் தெரியாத இன்னும் சில. மனைவி சும்மா இருக்கவில்லை.

"எங்கண்ணன கூப்டு. மொத மீன அது கையால வுடட்டும். அதுக்கு கைராசி கீது."

"இன்னா கைராசி? நான் பொறந்ததே மீனோடதான்" என்று சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நானே விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கம்போல பைக்கில் வந்து வாசலில் ஹார்ன் அடித்தார். என் மகள் போகவில்லை. "இன்னைக்கு அப்பா மீன் பாக்கணும் மாமா" என்றாள். அவர் உள்ளே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். "சூப்பரா கீது மாப்ளே" என்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப்போனார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவ்வளவு மரியாதையாக நான் அவரை ஒரு நாளும் வழியனுப்பியதில்லை.

அன்று முழுக்க நானும் என் மகளும் தொட்டிக்கு எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். எந்த மீன் எந்த மீனைத் துரத்துகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கேயே சாப்பிட்டோம். "உனக்கும் மீன் வளக்கத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். "பின்ன?" என்றேன். என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். நகரவில்லை.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். மீன் வைக்கிற இடம் பளிச்சென்று இருக்க வேண்டும், இது எங்கள் தொழிலில் முதல் பாடம். படகு கரைக்கு வந்ததும் ஐஸ் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம். ஓரத்தில் கொஞ்சம் வழவழப்பு தங்கினால்கூட அடுத்த முறை மொத்த மீனும் நாறிவிடும். தொட்டியின் மோட்டாரில் ஒரு ஸ்பாஞ்சு உண்டு, தண்ணீர் அதன் வழியாகப் போய் வடிகட்டி வரும். இரண்டே நாளில் அதில் பழுப்பாக ஏதோ படிந்தது. எனக்குப் பொறுக்குமா? தினமும் சாயங்காலம் அதை எடுத்து, கல்லுப்புப் போட்டு, லாரித் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கிக் கழுவினேன். வரிசையில் கிடைத்த நாலைந்து குடத்துக்குத் தண்ணீரையும் மாற்றினேன். மச்சான் வீட்டுத் தொட்டியின் ஸ்பாஞ்சை நான் பார்த்திருக்கிறேன், சேறு மாதிரி இருக்கும். சோம்பேறி என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒரு வாரம் போனது. தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அப்போது மே மாதம், அக்னி நட்சத்திரம். மனிதர்களே ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தோம். மீனுக்குச் சூடு தாங்கவில்லை என்று எனக்குப் பட்டது. மீனுக்குச் சூடு என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாதா? நேராக ஃபேக்டரிக்குப் போய் அரை பார், அதாவது இருபத்தைந்து கிலோ ஐஸைக் கோணியில் சுற்றி வண்டியில் வைத்து எடுத்துவந்தேன். உடைத்து, தொட்டிக்குள் போட்டேன்.

மகள் ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஏஞ்சல்கள் அப்படியே ஒருக்களித்துக் கீழே போயின. மோலிகள் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கின. "அப்பா, வேணாம்ப்பா, எடுத்துடுப்பா" என்று அவள் கத்தினாள். நான் இரண்டு கையையும் உள்ளே விட்டு ஐஸை வாரினேன். அது வழுக்கி வழுக்கிப் போயிற்று. இருபது வருடமாக ஐஸைக் கையாளுகிறவன், ஒரு துண்டைப் பிடிக்க முடியவில்லை.

அன்று பொழுது சாயும்முன் பத்தொன்பது மீன் மிதந்தன. மறுநாள் காலையில் இன்னும் பத்து. மனைவி என்னைப் பார்த்துக் கைராசி என்று மட்டும் சொன்னாள். மகள் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். "மாமா, எல்லாம் செத்துப்போவுது மாமா. நீ வா மாமா" என்று அவள் விசும்பியது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. மீன் செத்ததைவிட அது என்னை அதிகமாகச் சுட்டது. இதை இன்று எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் மச்சான் வந்துவிட்டார். பைக்கின் பின்னால் அவர் மனைவி, மடியில் ஒரு மூடி போட்ட நீல நிற பக்கெட். உள்ளே அவர் தொட்டித் தண்ணீரில் அவருடைய ஸ்பாஞ்சு முழுதாக ஊறிக்கொண்டிருந்தது. என் மோட்டாரிலிருந்து என் வெள்ளை ஸ்பாஞ்சை எடுத்து ஒரு கணம் பார்த்தார்.

"இத கழுவுனியா மாப்ளே?"

"தெனம் கழுவறேன்."

"எதுல?"

"லாரித் தண்ணில."

தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தன் ஸ்பாஞ்சை என் தொட்டிக்குள் பிழிந்தார். சாக்கடைபோலப் பழுப்புத் தண்ணீர் தொட்டி முழுக்கப் பரவியது.

"இன்னா மச்சான், கலீஜ ஊத்துற?" என்று கத்தினேன்.

"இந்தக் கலீஜ்லதான் மாப்ளே அதுங்க உசுரு கீது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதுல குடியிருக்கும். மீனு போடற அசிங்கத்த அதுங்கதான் துன்னும். நீ தெனமும் அதுங்கள லாரித் தண்ணில போடற குளோரின் மருந்துல கொன்னுகினு இருந்திருக்க. மீனு அது அசிங்கத்துலயே மூச்சு முட்டிச் சாவுது." அவர் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிழிந்த ஸ்பாஞ்சை என் மோட்டாரில் மாட்டினார்.

"உன் தொட்டிக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னொண்ணு கீது. நீ இத கழுவாத. பத்து நாளைக்குத் தண்ணியத் தொடாத, தீனி கொஞ்சமா போடு" என்றார். என் மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னபடி செய்தேன். மிச்சமிருந்த பதினொன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. பத்தாம் நாள் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. என் மகள் மறுபடியும் பாயைக் கொண்டுவந்து தொட்டிக்கு எதிரே போட்டாள்.

அடுத்த ஞாயிறு மச்சான் வரவில்லை. போனில் கேட்டதற்கு டூட்டி என்றாராம். அதற்கடுத்த ஞாயிறும் டூட்டி. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவள் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது, தொட்டி முன்னால் உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவும் ஆயிற்று. ஒரு கோல்ட் ஃபிஷ் அவள் விரலைப் பின்தொடரப் பழகியது. "பாத்தியா, நம்ம மீனும் செய்யுது" என்றேன்.

இடையில் ஒரு வேலை நாளில், அந்த நீல பக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கொருக்குப்பேட்டைக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், பக்கெட் ஒரு சாக்கு. என் தொட்டி எப்படித் தெளிந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லிக்காட்ட வேண்டும் போலிருந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். கூடத்தில் அந்த மூன்றடித் தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே மடித்து வைத்த பழைய பேப்பர்கள்.

"மீனு?" என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இருந்தது ஒரே ஸ்பாஞ்சுதாண்ணே. பாதிய வெட்டி எடுத்துனு போன்னு சொன்னேன். பெரிய தொட்டிக்குப் பாதி பத்தாது, பாப்பா அழுவுதுன்னு முழுசா எடுத்துகினாரு. புதுசு வாங்கிப் போட்டாரு, அதுல பூச்சி புடிக்கல. மூணாம் நாளு தண்ணி வெளுத்துச்சி. அஞ்சாம் நாளு மீனு போயிட்ச்சி. ரெண்டு நாளு சோறு துன்னல இவரு. பாப்பா வந்து வெறுந்தொட்டியப் பாத்துட்டா தாங்காதுன்னு ஞாயித்துக்கெழம ஆனா டூட்டி டூட்டின்னு சொல்லிகினு வூட்லயே குந்திகினு கீறாரு. நீங்க யாராண்டயும் சொல்லாதீங்கண்ணே. பாப்பாவுக்குத் தெரியவே கூடாதுன்னு சொல்லிட்டாரு."

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு பக்கெட்டை வைத்துவிட்டு வந்தேன்.

வழியில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இதிலும் அவர்தானா? நான் கொன்றதைக் காப்பாற்றியவர் அவர். காப்பாற்ற, வைத்திருந்த ஒரே மீனையும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரும் அவர். எனக்கென்று செய்ய எதை மிச்சம் வைத்தார்? என் மகளுக்காக நான் இழந்தது என்று என்ன இருக்கிறது, ஒரு டிவி இடம் மாறியது. அந்த ஆளுடைய துக்கத்தின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. சொன்னால் அவர் அவளுக்குத் தெய்வமாகிவிடுவார். சொல்லாவிட்டால் டூட்டி பார்க்கிற மாமா. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு ஞாயிறு போனது. மச்சான் போன் செய்தபோது மகள் "அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்று அம்மாவிடம் போனைத் தள்ளிவிட்டாள். இன்னொரு ஞாயிறு வந்தது. மனைவி, "அண்ணனப் பாக்கப் போலாமாடி?" என்று கேட்டாள். "மாமாவுக்கு இப்பல்லாம் என்னப் புடிக்கல. நா வரல" என்று சொல்லிவிட்டு, தொட்டிக்கு எதிரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பாயில் இடம் விட்டேன்.

அன்று மதியம் தீனி போட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"மாமா வூட்டு மீனு என்ன மறந்துருக்கும்லப்பா?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கையிலிருந்த தீனி டப்பாவை வாங்கி மூடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பாஞ்சு, ஐந்தாம் நாள், காய்ந்த தொட்டி, டூட்டி. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எழுந்து போய் செருப்பை மாட்டினாள்.

"வண்டிய எடு" என்றாள்.

வண்டியில் ஏறியவள் எப்போதும்போல என் இடுப்பைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. கூட்ஸ் ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. வெயிலில் நின்றோம். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை.

"உனக்கு எப்ப தெரியும்ப்பா?" பின்னாலிருந்து கேட்டாள்.

"ரெண்டு வாரமா."

இன்னும் சில பெட்டிகள் போயின. பிறகு, ரயில் சத்தத்தில் எனக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள்.

"ரெண்டு வாரமா நான் மாமா மேல கோவமா இருந்தேன். நீ பக்கத்துலயே குந்திகினு பாத்துகினு இருந்தியாப்பா?"

கடைசிப் பெட்டி போய் கேட் தூக்கினார்கள். பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். அவள் என் பதிலுக்குக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"ஆமா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.